வீட்டு வரவு செலவுக்கு இணையக் கணக்குக் கருவி: மலையில் வாழ்பவர் தேர்ந்தெடுக்கும் முறை

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஏக்கருக்குச் சற்றே கூடுதலான தேயிலைத் தோட்டமும், ஒருவருடைய மாதச் சம்பளமும், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளும் உள்ள குடும்பம் எங்களுடையது. பணம் வருவது இரண்டு வழி, போவது இருபது வழி. காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிவந்த கணக்கைக் கைப்பேசிக்கு மாற்றலாம் என்று தொடங்கிய முயற்சி, பதினான்கு மாதங்களையும் மூன்று கருவிகளையும் விழுங்கிய பிறகுதான் ஒரு நிலைக்கு வந்தது. கருவிகளில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரியாமல், விளம்பரத்தில் கண்ணில் பட்டதை எல்லாம் நிறுவிக்கொண்டதால் வந்த சிரமமே அதிகம்.

நீலகிரியிலோ பழனி மலையிலோ இருந்துகொண்டு, தோட்டம், காய்கறி, சீசன் வாடகை என ஏதேனும் ஒன்றைச் சம்பளத்தோடு சேர்த்து நடத்துகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முழுக்க மாதச் சம்பளம், முழுக்க யு.பி.ஐ என்று வாழ்கிறவர் முதல் படியை விரைவாகக் கடந்துவிடலாம்.

1. கருவியைத் தேடும் முன் ஒரு மாதப் பணத்தைத் தாளில் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டியதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. ஒரு மாதம் முழுவதும், வந்த பணம் போன பணம் அனைத்தையும், அது வங்கி வழியா கைரொக்கமா என்ற குறிப்போடு நோட்டில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் பத்துப் பதிவில் ஆறு ரொக்கமாக இருந்தன: பறிகூலி, ஜீப் வாடகை, சந்தைக் காய்கறி, சீட்டுப் பணம், ஊர்க் கோயில் வரி, மருந்தடிக்க வந்தவர் கூலி. வங்கிக் கணக்கைத் தானாகவே படித்துக்கொள்ளும் கருவி எவ்வளவு திறமையாக இருந்தாலும், அதன் கண்ணில் படப்போவது மீதி நான்கு மட்டுமே. உங்கள் நோட்டில் ரொக்கம் பாதிக்கு மேல் இருந்தால், "எல்லாம் தானாகவே பதியும்" என்று சொல்லும் கருவிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இலைப் பணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜூலையில் பறித்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொடுத்த பசுந்தேயிலைக்கு ஆகஸ்டில் பணம் வருகிறது. வரும்போது முழுத்தொகையாக வருவதில்லை. 400 கிலோ கொடுத்தீர்கள், கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8,000 ரூபாய் வர வேண்டிய இடத்தில், உரத்துக்கு 1,500, முன்பணத்துக்கு 2,000 பிடித்துக்கொண்டு 4,500 ரூபாய் வங்கியில் விழுகிறது. வங்கியைப் படிக்கும் கருவி "வரவு 4,500" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். உரச் செலவு 1,500 கணக்கிலேயே இல்லை. விளைச்சலின் உண்மை வருமானமும் இல்லை. முன்பணம் வாங்கிய அன்று அந்த 2,000 ரூபாயை வரவு என்று எழுதியிருந்தீர்களானால், இப்போது 8,000 என்று முழுதாக எழுதும்போது அது இரண்டு முறை வந்துவிடும். ஆகவே முன்பணத்தைக் கடனாகவே எழுதி, இலையின் கணக்கைக் காட்டும் இலைச் சீட்டு வரும் நாளில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குக் கருவியில் இருக்க வேண்டியது, ஒரே வரவைப் பல கூறுகளாகப் பிரித்துப் பதியும் வசதி. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் அனுப்புகிறவருக்கும், கொடைக்கானல் மேல்மலையிலிருந்து வடுகபட்டிக்குப் பூண்டு கொண்டுபோகிறவருக்கும் இதே கதைதான். கமிஷன், ஏற்றுகூலி, சாக்கு எல்லாம் கழிந்த மீதிதான் கைக்கு வருகிறது. இந்த வசதி இல்லாத கருவியை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள்.

2. ஆவணங்களை ஒரே மூச்சில் திரட்டுங்கள்

கணக்கு தொடங்கும் நாளாக ஒரு மாதத்தின் முதல் தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் எங்கெங்கே எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் தாள்களைச் சேருங்கள். வங்கிப் பாஸ்புக் அல்லது கணக்கு அறிக்கை, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் புத்தகம், நகைக்கடன் அட்டை, சுய உதவிக் குழுக் கணக்கு, சீட்டுப் புத்தகம், காப்பீட்டு ரசீது, பான் அட்டை ஆகியவை போதும். நகைக்கடன் அட்டையில் அசலை மட்டும் பார்க்காமல், வட்டி கட்ட வேண்டிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கருவியில் நினைவூட்டல் வைப்பதற்கு அதைவிடத் தகுதியான தேதி வேறில்லை. மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்கள், பதிவாளர் நிறுவனங்களான கேம்ஸ், கேஃபின்டெக் ஆகியவற்றின் தளத்தில் மின்னஞ்சலைக் கொடுத்தால் எல்லா ஃபண்டுகளுக்குமான ஒருங்கிணைந்த அறிக்கை இலவசமாக வரும்.

வங்கி அறிக்கையைப் பி.டி.எஃப்பாக எடுக்காமல், நெட் பேங்கிங்கில் எக்ஸெல் கோப்பாகவோ, எளிய அட்டவணைக் கோப்பான சிஎஸ்வியாகவோ எடுங்கள். பி.டி.எஃப்பைப் படிக்கத்தான் முடியும், கருவிக்குள் ஏற்றுவது பெரும்பாடு.

எல்லாவற்றுக்கும் முன்னால், வங்கியில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண் இப்போது உங்கள் கையில் உள்ள எண்தானா என்று பாருங்கள். எங்கள் ஒரு கணக்கில், எப்போதோ கைவிட்ட பழைய எண் இருந்தது. கிளைக்கு நேரில் போய்ப் படிவம் நிரப்பி, ஆதார், பான் நகல் கொடுத்து மாற்றி முடிக்க ஆறு நாள் ஆனது. அந்த எண்ணுக்கு ஓ.டி.பி வராமல், எந்தக் கருவியிலும் வங்கியை இணைக்க முடியாது.

3. எந்த வகைக் கருவி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

செயலிக் கடையில் நூறு பெயர்கள் இருந்தாலும் வகைகள் நான்குதான்.

முதல் வகை, வங்கியின் எஸ்.எம்.எஸ்களைப் படித்துக் கணக்கு எழுதுவது. இது ஆண்ட்ராய்டில் மட்டுமே நடக்கும். ஐஃபோன், வேறு செயலிகள் எஸ்.எம்.எஸ்ஸைப் படிக்க விடுவதில்லை. ஆண்ட்ராய்டிலும் இப்போது ஓட்டைகள் கூடிவிட்டன. சிறு தொகைகளுக்காக முன்கூட்டியே பணம் நிரப்பி வைக்கும் யு.பி.ஐ லைட்டில் தேநீருக்கும் பஸ்ஸுக்கும் கொடுப்பவை வங்கிப் பாஸ்புக்கில் தனித்தனியாக வருவதில்லை. லைட்டில் பணம் நிரப்பிய தொகை மட்டும் ஒற்றை வரியாக நிற்கும். சிறு தொகைகளுக்கு எஸ்.எம்.எஸ் அனுப்புவதையே சில வங்கிகள் நிறுத்திவிட்டன. எஸ்.எம்.எஸ் வந்தால்தான் கருவிக்குத் தெரியும் என்பதால், மாதக் கடைசியில் கருவி காட்டும் இருப்புக்கும் வங்கி இருப்புக்கும் சில நூறு ரூபாய் இடித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வகை, அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாக வங்கியோடு இணைவது. ரிசர்வ் வங்கி 2016-இல் விதிகளை வகுத்து, 2021-இல் பெரிய வங்கிகள் சேர்ந்ததால் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. ஃபின்வு, ஒன்மணி, அனுமதி போன்றவை இதற்கு உரிமம் பெற்றவை. உங்கள் சம்மதத்தின் பேரில் கணக்கு விவரத்தை வங்கியிலிருந்து கருவிக்குக் கடத்துவது மட்டுமே இவற்றின் வேலை. அந்த விவரத்தைச் சேமித்து வைத்துக்கொள்ள விதி இடம் தருவதில்லை. சம்மதம் கேட்கும் திரையில் நான்கு செய்திகள் இருக்கும்: எதற்காக, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையிலான விவரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, சம்மதம் எப்போது முடிகிறது. பலரும் அதைப் படிக்காமலே அழுத்திவிடுகிறார்கள். வீட்டுக் கணக்குக்கு ஓராண்டுச் சம்மதம் போதும். அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று யோசியுங்கள். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

ஒழுங்கான வழி இதுவே என்றாலும், எங்கள் கூட்டுக் கணக்கு பட்டியலில் வரவேயில்லை. கூட்டுறவுச் சங்கக் கடனும் வரவில்லை. உங்கள் கணக்குகள் தென்படுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சந்தா கட்ட வேண்டும்.

மூன்றாவது வகை, நாமே கையால் பதிந்து, பதிந்தது இணையத்தில் சேமிக்கப்படும் எளிய செயலி. நான்காவது, நாமே அமைத்துக்கொள்ளும் கூகுள் ஷீட்ஸ் போன்ற அட்டவணை. கணினி வைத்திருப்பவர்களுக்கு இலவசமான க்னுகேஷ் இருக்கிறது. அது ஒவ்வொரு தொகையையும் ஒரு பக்கம் பற்றாகவும் மறுபக்கம் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் நடப்பதால், பற்று வரவு பழகியவருக்குச் சுகம், மற்றவருக்கு முதல் மாதம் தலைவலி. தானே சர்வர் நடத்தத் தெரிந்தவருக்கு ஃபயர்ஃப்ளை த்ரீ உண்டு. தெரியாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

4. நெட் பேங்கிங் கடவுச்சொல் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்

வங்கியின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தன் திரையில் கேட்கும் எந்தக் கருவியும் வேண்டாம். முறையான இணைப்புக்கு அது தேவையே இல்லை. தெரியாமல் கொடுத்துவிட்டால், அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றி வங்கிக்குத் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வீட்டுக் கணக்கு எழுதும் கருவிக்கு உங்கள் தொடர்பு எண்களும் புகைப்படங்களும் எதற்கு? கேட்டால் மறுத்துவிட்டு, மறுத்த பிறகும் செயலி ஓடுகிறதா என்று பாருங்கள். முழுக்க இலவசமாக இருக்கும் கருவி எதில் சம்பாதிக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் பதில் கடன் விற்பனைதான். எங்கள் முதல் கருவி, மூன்றாம் வாரத்தில் கணக்கைக் காட்டுவதைக் குறைத்து "உங்களுக்கு 80,000 ரூபாய் தயார்" என்று காட்டத் தொடங்கியது. தேயிலை வரவு குறைந்த மாதத்தில் அப்படியொரு அழைப்பு வந்தால், அதை மறுக்கத் தனி மனவலிமை வேண்டும். கடன் தரும் செயலி எது என்று சரிபார்க்க, ரிசர்வ் வங்கி தன் தளத்தில் 2025 முதல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

5. பதிவதற்கு முன், பதிந்ததை வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். அமெரிக்காவில் பெரும் எண்ணிக்கையினர் பயன்படுத்திவந்த மின்ட் என்ற கணக்குக் கருவியே 2024 மார்ச்சில் மூடப்பட்டது. பெரிய நிறுவனம் நடத்தியது என்பது அதைக் காப்பாற்றவில்லை. நாங்கள் சந்தா கட்டிய இரண்டாவது கருவி மூடப்படவில்லை, ஆனால் எங்களுக்குப் பிடிக்காமல் வெளியேற நினைத்தபோது அது கொடுத்தது வண்ணப் படங்களோடு கூடிய பி.டி.எஃப் மட்டும். ஏழு மாதக் கணக்கை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கையால் அடித்தோம்.

முதல் நாளே பத்துப் பதிவுகள் போடுங்கள். அவற்றில் இரண்டு தமிழில் இருக்கட்டும், ஒன்று பிரித்துப் பதிந்ததாக இருக்கட்டும். பிறகு அதைச் சிஎஸ்வி கோப்பாக எடுத்து மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, தமிழ் எழுத்து. கோப்பை இருமுறை தட்டி எக்ஸெலில் திறந்தபோது, "பறிகூலி" இருந்த இடத்தில் கொம்பும் கொக்கியுமாக ஏதோ குறிகள் நின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிட்டேன்; அது கெடவேயில்லை. கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் சரியாகத் தெரியும். எக்ஸெலிலேயே வேண்டுமென்றால், டேட்டா பகுதி வழியாக உள்ளே எடுக்கும்போது யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, தேதி. 05/06 என்பது ஜூன் 5 ஆகவும் இருக்கலாம், மே 6 ஆகவும் இருக்கலாம். கருவியிலும் ஷீட்ஸிலும் நாட்டு அமைப்பை இந்தியா என்று மாற்றாவிட்டால், மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களின் பதிவுகள் வேறு மாதங்களுக்குச் சிதறிப் போகும். மூன்றாவது, பிரித்துப் பதிந்த இலை வரவு தன் கூறுகளோடு வருகிறதா, அல்லது மொத்தமாகச் சுருங்கிவிடுகிறதா என்பது.

6. சிக்னல் இல்லாத இடத்தில் சோதியுங்கள்

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போனால், பின்னாலேயே டவரும் போய்விடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில் உட்கார்ந்து கருவி செய்தவருக்குத் தெரியாது. கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டு, ஐந்து பதிவுகள் எழுதி, செயலியை மூடித் திறந்து, அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இணைப்பைக் கொடுத்து, மற்றொரு கைப்பேசியில் அவை ஒருமுறை மட்டுமே வந்து சேர்கின்றனவா என்றும் பாருங்கள். சில கருவிகள் ஒரே பதிவை இரண்டாக ஏற்றிவிடுகின்றன. கூகுள் ஷீட்ஸில் கோப்பை ஆஃப்லைனில் கிடைக்கும்படி முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். கூகுள் ஃபார்ம் வழியாகப் பதிவது வசதிதான், ஆனால் இணைப்பு இல்லாமல் அது நகராது.

7. கட்டணத்தை ஆண்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள்

மாதம் 99 ரூபாய் என்பது ஆண்டுக்கு 1,188 ரூபாய். டாலரில் விலை சொல்லும் கருவியானால், பல வங்கி அட்டைகளில் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி-யும் சேரும். பலரும் புகழும் அமெரிக்கக் கணக்குக் கருவியான ஒய்நாப் 2024-இல் ஆண்டுக்கு 109 டாலர். நம் ஊர் வங்கிகளோடு அது இணைவதும் இல்லை. அவ்வளவு கொடுத்துக் கையால்தான் பதிய வேண்டும் என்றால், நோட்டுப் புத்தகம் மலிவு.

இலவசச் சோதனைக் காலத்தில் தானியங்கிப் பற்றுக்கு அனுமதி கேட்பார்கள். 15,000 ரூபாய் வரை, முதல் முறை ஒப்புக்கொண்ட பிறகு ஒவ்வொரு தவணைக்கும் ஓ.டி.பி கேட்க மாட்டார்கள்; பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு ஓர் அறிவிப்பு மட்டும் வரும், அது விளம்பரங்களுக்கு நடுவே மறைந்துவிடும். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரின் சந்தாப் பகுதியிலும், யு.பி.ஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலும் போய் ரத்து செய்ய வேண்டும். சோதனைக் காலம் முடிவதற்கு மூன்று நாள் முன்பு காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

8. வகைகளைக் குறைவாக வையுங்கள், வரியை நினைவில் வையுங்கள்

கருவி தரும் நாற்பது வரவு செலவு வகைகளை அப்படியே ஏற்க வேண்டாம். நாங்கள் பதினொன்று வைத்திருக்கிறோம். அவற்றில் நான்கு தோட்டத்துக்கானவை: இலை வரவு, பறிகூலி, உரமும் மருந்தும், வண்டி வாடகை. பசுந்தேயிலை விற்ற வருமானம் விவசாய வருமானம் என்பதால் அதற்கு நேரடி வருமான வரி இல்லை. ஆனால் சம்பளமும் உள்ளவருக்கு விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால், எளிய வருமான வரிப் படிவமான ஐ.டி.ஆர்-1-ஐப் பயன்படுத்த முடியாது. மற்ற வருமானம் வரி வரம்பைத் தாண்டியிருந்தால், வரி விகிதத்தைக் கணக்கிடுவதற்கும் இந்தத் தொகை சேர்க்கப்படும். அங்கே கேட்பது கூலியும் உரமும் கழித்த தொகை. ஆகவே வங்கியில் விழுந்த 4,500-ஐ மட்டும் வைத்திருப்பவர் மார்ச் கடைசியில் திண்டாடுவார்.

இரட்டைக் கணக்கு எல்லோரும் விழும் குழி. ஒரு கணக்கிலிருந்து உங்களுடைய இன்னொரு கணக்குக்கு மாற்றுவதும், ஏ.டி.எம்மில் எடுப்பதும், கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டுவதும் செலவு அல்ல, இடமாற்றம். கடன் தவணையில் வட்டி மட்டும்தான் செலவு. மகளுக்கு அனுப்பிய விடுதிப் பணத்தையும், அதே பணத்தை அவள் விடுதிக்குக் கட்டியதையும் இரண்டு முறை எழுதி, ஒரு மாதம் முழுக்க அவளைச் செலவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கொடைக்கானலில் வீட்டை வாடகைக்கு விடும் உறவினருக்கு இன்னொரு சிக்கல்: ஏப்ரல், மே சீசனுக்கு மார்ச்சிலேயே வாங்கும் முன்பணம், விருந்தினர் வந்து தங்கும் வரை வருமானம் ஆகாது. வராமல் போனால் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகலாம். அதுவரை கடன் தலைப்பிலேயே இருக்கட்டும்.

9. எப்போது தொடங்குவது, எவ்வளவு நாள் ஆகும்

ஏப்ரல் 1-இல் தொடங்கினால் நிதியாண்டோடு பொருந்தும். ஆகவே தாளில் எழுதுவதை ஜனவரியிலும், ஆவணம் சேர்ப்பதைப் பிப்ரவரியிலும், இரண்டு கருவிகளை அருகருகே சோதிப்பதை மார்ச்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். பனியில் இலை குறைந்து வேலையும் குறைந்திருக்கும் மாதங்கள் அவை. ஏப்ரலைத் தவறவிட்டவர் அடுத்த மாதத்தின் முதல் தேதியில் தொடங்கலாம். ஆனால் ஜூனில் வேண்டாம், பள்ளிக் கட்டணமும் மழையும் சேர்ந்து வரும். பழைய ஆண்டுகளின் கணக்கை உள்ளே ஏற்றும் ஆசை வரும். அதற்குச் செலவாகும் நேரத்துக்குப் பயன் குறைவு, தொடக்க இருப்பு போதும்.

நாள்தோறும் இரவு ஐந்து நிமிடம், மாதம் ஒருமுறை வங்கி அறிக்கையோடு ஒப்பிட முக்கால் மணி நேரம். அவ்வளவுதான் தேவை. முதல் இரண்டு மாதம் ஒப்பிடும்போது இருநூறு, முந்நூறு ரூபாய் இடித்தால் தேடிக்கொண்டே இருக்காமல், "தெரியாத செலவு" என்ற தலைப்பில் எழுதி மூடிவிடுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து அது தானாகக் குறையும்.

நாங்கள் இப்போது வைத்திருப்பது, கையால் பதியும் ஓர் எளிய செயலியும், மாதத்தின் முதல் ஞாயிறு அதிலிருந்து எடுத்துக் கூகுள் ஷீட்ஸில் வைக்கும் சிஎஸ்வி கோப்பும். சந்தா இல்லை. இலைச் சீட்டுகள் வந்தவுடன் படம் எடுத்து, அந்தந்த மாதப் பெயரிட்ட கோப்புறையில் போடுகிறோம். மழையில் நனைந்த சீட்டின் மை இரண்டு வாரத்தில் மங்கிவிடுகிறது.